சுட்டியில் பிழையில்லை

எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் நான் முதலில் திறப்பது அதன் கடைசிப் பக்கங்களைத்தான். சமையல் புத்தகமானாலும் சரி, தையல் மெசினோடு வரும் புத்தகமானாலும் சரி, கடைசியில் அகரவரிசைச் சுட்டி இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லாவிட்டால் எழுதியவர் மேல் எனக்கு மரியாதை வராது. வாசிக்கிறவன் என்றைக்காவது அவசரத்தில் திரும்பி வருவான் என்ற நினைப்பே இல்லாமல் எழுதிய ஆள் அவர். உங்கள் மேசையில் கிடக்கும் கைந்நூலைத் தயவுசெய்து விரித்துக் கவிழ்த்து வைக்காதீர்கள், ஐயா. ஒட்டு விட்டுத் தாள்கள் கழன்றுவிடும்.

கேட்டவுடன் தாளும் பேனையும் தந்ததற்கு நன்றி. நான் வாயால் சொல்ல, இன்னொரு பொலிஸ்காரர் அதைச் சிங்களத்தில் எழுத, நான் விளங்காமல் கையொப்பம் போடுவது எனக்குச் சரிவராது. சொற்களோடு வேலை செய்து பழகியவள் நான். என் பெயர் ஸல்ஹா. ஊர் கிண்ணியா. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஐஸ் தொழிற்சாலையில் அலுவலக வேலை. அங்கே மெசின் பார்த்த கிருஷாந்த் இறந்தது எப்படி என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் சுட்டி என்றால் என்னவென்று விளங்காமல் அது உங்களுக்கு விளங்காது.

சொற்களை அகரவரிசையில் அடுக்கி, எதிரே பக்க எண்ணைப் போட்டால் சுட்டி ஆகிவிடும் என்று அனேகர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் அது எழுதியவருக்குத்தான் உதவும். எங்கள் தொழிற்சாலையில் ஐஸ் கட்டியை உறைய வைப்பது அமோனியா. குழாய்க்குள் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. வெளியே வந்தால் கண் எரியும், தொண்டை இறுகும், கூடினால் மூச்சு நின்றுவிடும். எங்கள் கைந்நூலில் பொறியியலாளர் இதை ‘உயர் அழுத்தப் பகுதிக் கசிவு’ என்று எழுதியிருக்கிறார். மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிற மனுசன் ‘உ’ வரிசையில் போய் உயர் அழுத்தத்தைத் தேடுவானா? அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கண் எரிகிறது என்பதுதான். ஆகவே என்னுடைய சுட்டியில் ‘க’ வரிசையில் ‘கண் எரிதல்’ இருக்கிறது. நெடி வந்தால் தேட ‘ம’ வரிசையில் ‘மணம்’ இருக்கிறது. பயந்தவன் எதைக் காண்கிறானோ, எதைக் கேட்கிறானோ, அந்தச் சொல்லில்தான் நான் கதவு வைத்தேன்.

அதற்காக நான் தேத்தண்ணி நேரங்களில் வேலையாட்களோடு போய் இருந்து அவர்களின் கதையைக் கேட்டேன். மெசின் அறையில் விசில் அடிக்கிற ஒரு வால்வு இருக்கிறது. விடிந்ததிலிருந்து ஓயாமல் குறை சொல்லிக்கொண்டிருப்பதால் அதற்கு அவர்கள் வைத்த பெயர் மாமி. என் சுட்டியில் ‘மாமி கத்துதல்’ என்று ஒரு பதிவு உண்டு. எங்கள் முகாமையாளர் அருளம்பலம் ஐயா அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“பிள்ளை, கொழும்பிலயிருந்து ஆக்கள் வந்து பாத்தா என்ன நினைப்பினம்? மாமியாம், கத்துறாவாம்.”

“கொழும்பு ஆக்களுக்குக் கத்தினா அவங்க வந்து தேடட்டும் சேர்” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர். அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

என் தம்பி ஹஸ்மியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவனும் ஐஸ் தொழிற்சாலையில்தான் வேலை செய்தான். வேறு இடம், இப்போது மூடிக் கிடக்கிறது. அங்கிருந்த கைந்நூலைத் தமிழில் தட்டச்சு செய்து கொடுத்தவள் நான். என் முதல் பெரிய வேலை. ஒரு பிரதி தொழிற்சாலைக்குப் போனது, மற்றது எங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தது. அதற்குச் சுட்டி இல்லை. அந்த நாளில் எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரு நாள் அங்கே அமோனியா கசிந்தது. மற்றவர்கள் வெளியே வந்தார்கள், ஹஸ்மி வரவில்லை. அவனைத் தூக்கும்போது புத்தகம் பக்கத்தில் விரிந்து கிடந்ததாம். விரிந்திருந்தது உப்புநீர்த் தொட்டியைக் கழுவுவது பற்றிய பக்கம். அதை எனக்கு வந்து சொன்னவர்களுக்கு அது ஒரு சின்ன விஷயம். எனக்கு அப்படியில்லை. அவன் தேடியிருக்கிறான், கிடைக்கவில்லை.

அவன் கடைசியாகத் தொலைபேசியில் பேசியது என்னோடு. அதைப் பிறகு எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள். உம்மா மட்டும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தா. சோறு போடும்போதும் கேட்பா, தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டும்போதும் கேட்பா.

“ஏன் புள்ள அவன் ஓடி வரல்ல? மத்தப் புள்ளையள் எல்லாம் ஓடி வந்ததுதானே.”

“புத்தகத்தில சுட்டி இல்ல உம்மா. பக்கம் கிடைக்கல்ல.”

சுட்டி என்றால் என்னவென்று உம்மாவுக்குத் தெரியாது. மௌத்தாகிக் கண் மூடும்வரை அந்தக் கேள்வியை விடவில்லை. நானும் என் மறுமொழியை மாற்றவில்லை.

இப்போதைய தொழிற்சாலைக்குப் புதிய மெசின் வந்தபோது, அதன் கைந்நூலைத் தமிழில் செய்யும் பொறுப்பை அருளம்பலம் ஐயா எனக்குத் தந்தார். சுட்டி வேண்டாம் என்றார். நான் அவர் பேச்சைக் கேட்காமல் செய்தேன். லீவு நாட்களில் செய்தேன், பஸ்ஸில் கிண்ணியாப் பாலம் தாண்டும்போது செய்தேன். என் வாழ்க்கையில் பிழையில்லாமல் செய்த வேலை அது ஒன்றுதான். ஒவ்வொரு பக்க எண்ணையும் திருப்பித் திருப்பிச் சரிபார்த்தேன். ‘ஹஸ்மி இதை எடுத்தால் எங்கே தேடுவான்’ என்று கேட்டுத்தான் ஒவ்வொரு சொல்லையும் வைத்தேன். கடைசியில் ஓட்டை போட்டு, நூல் கட்டி, மெசின் அறைச் சுவரில் ஒரு ஆணியில் தொங்கவிட்டேன்.

ஒருவரும் தொடவில்லை. சூடான கேத்தலை வைக்க அதைக் கழற்றி எடுத்தார்கள். அட்டையில் வட்டமாகத் தடம் விழுந்தது. ஐஸ் ஏற்றுகிற றுவைஸ், வாய் சும்மா இராத ஆள், என்னைக் கண்டால் அக்கா முறை வைத்துக் கூப்பிட்டுக் கிண்டல் செய்யாமல் விடமாட்டான்.

“ராத்தா, மணம் வந்தா முதல்ல பக்கத்தைத் தேடுறதா, செருப்பைத் தேடுறதா? உங்கட புத்தகத்தில அதையும் போட்டுடுங்க.”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நிற்பேன். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

கிருஷாந்த் மட்டும் சிரிக்கவில்லை. கிளிவெட்டி ஊர்க்காரர், என் வயதுதான் இருக்கும், மெசினைப் பார்ப்பவர். கடைசிப் பக்கத்தில் மாமியைக் கண்டுபிடித்துவிட்டு, “அக்கா, இது நல்லாயிருக்கு” என்றார். அந்தச் சொல்லுக்காக நான் எத்தனை காலம் காத்திருந்தேன் என்று உங்களுக்குச் சொல்லி விளங்காது. அன்றிலிருந்து தேத்தண்ணி நேரங்களில் அவருக்குப் பழக்கினேன். நான் ஒரு கோளாறைச் சொல்வேன், அவர் பக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அவருக்கு மெசின் கைப்பழக்கம். கேள்வியைக் கேட்டதும் புத்தகத்துக்கு முதல் அவருடைய கை வால்வுக்குப் போய்விடும். நான் தடுப்பேன்.

“கை போகக்கூடாது, கிருஷாந்த். முதல் கண் போகவேணும். மறதி எல்லாருக்கும் வரும். பக்கத்துக்கு வராது.”

“சரி அக்கா.”

பழக்கத்தை விடுவது லேசான காரியமில்லை. ஆனாலும் அவர் விட்டார். பிறகு நான் கேட்டால் கை அசையாது, நேரே ஆணிக்குத்தான் போவார். எவ்வளவு பெருமையாக இருந்தது. ஹஸ்மிக்குச் செய்ய வேண்டியதை இவருக்குச் செய்கிறேன் என்று நினைத்தேன்.

இந்த ஆண்டு கைந்நூலைத் திருத்தி, எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் சேர்த்து அச்சிடத் தலைமை அலுவலகம் முடிவெடுத்தது. அருளம்பலம் ஐயா என்னைக் கூப்பிட்டுக் கதிரையில் இருக்கச் சொன்னார். அவர் இருக்கச் சொன்னால் நல்ல செய்தி இல்லை என்று அர்த்தம்.

“பிள்ளை, அந்தக் கடைசிப் பகுதியை எடுக்கச் சொல்லிட்டினம். தாள் செலவு எண்டு ஒரு சாட்டு. உண்மை என்னெண்டா, ஒருத்தரும் அதைப் பாக்கிறேல்ல.”

“கிருஷாந்த் பாக்கிறார் சேர்.”

“ஒராள்.”

நான் கெஞ்சினேன், ஐயா. அலுவலகத்தில் இவ்வளவு காலத்தில் நான் அழுதது அன்று மட்டும்தான். சம்பளத்தில் பிடியுங்கள் என்றேன். அவர் எழுந்து வந்து மேசையில் சாய்ந்துகொண்டு மிகவும் மெல்லமாகச் சொன்னார்.

“உங்கட தம்பியின்ர கவலை எனக்கு விளங்காமல் இல்லை. ஆனா ஒண்டு யோசிச்சுப் பாருங்கோ. மணம் வந்தா மனுசன் ஓடுவான் பிள்ளை. நிண்டு வாசிக்க மாட்டான்.”

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வசனத்தோடு என்னால் வீட்டுக்குப் போக முடியவில்லை. பஸ்ஸில் அது என் பக்கத்தில் இருந்தது. பாலத்தில் அது என்னோடு வந்தது. மனுசன் ஓடுவான். அப்படியானால் என் தம்பி மனுசன் இல்லையா? அவன் ஏன் நின்றான்? உம்மாவின் கேள்வி திரும்பி வந்து வீட்டு வாசலில் நின்றது. என் மறுமொழி பிழை என்றால் சரியான மறுமொழி வேறு ஒன்று இருக்க வேண்டும். எனக்கு அது வேண்டாம். எனக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு தடவை, ஒரு மனுசன் மணத்தில் நின்று, சுட்டியைப் பார்த்து, பக்கத்தை எடுத்து, வால்வைப் பூட்டி, உயிரோடு வெளியே வருவது. அதை எல்லோரும் காண வேண்டும். அதற்கு மேல் நான் ஒன்றும் ஆசைப்படவில்லை.

நான் பொறுப்பில்லாமல் நடக்கவில்லை. கச்சான் காற்று நல்லாக அடிக்கிற ஒரு காலையைத் தெரிந்தெடுத்தேன், மணம் தேங்கி நிற்காமல் இருப்பதற்காக. நிலாவெளிப் படகுகளுக்கு ஐஸ் ஏற்றி முடிந்து, ஆட்கள் வெளியே இருக்கிற நேரம் பார்த்தேன். கிருஷாந்த் தேத்தண்ணிக்குப் போயிருந்தார். மெசின் அறைக்குள் போய், எண்ணெய் இறக்குகிற சின்ன வால்வைத் திறந்தேன்; எண்ணெயோடு அமோனியாவும் அதன் வழியே வெளியே வரும். ஒரு சுற்றுக்கூட இல்லை. அதை எப்படிப் பூட்டுவது என்பதற்கு ஒரு பக்கம் இருக்கிறது. சுட்டியில் வெவ்வேறு சொற்களின் கீழ் அந்தப் பக்கத்துக்கு வழி வைத்திருக்கிறேன். பிறகு வெளியே வந்து, சால்வையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு, காற்று வரும் பக்கத்து யன்னலடியில் நின்றேன்.

நான் நினைத்ததைவிட வேகமாக வந்தது. ஐஸ் ஏற்றுகிறவர்கள் ஓடினார்கள். றுவைஸ் செருப்பையும் விட்டுவிட்டு படகு கட்டும் ஜெட்டிப் பக்கமாக ஓடினான். எனக்கு அவர்கள் மேல் வெறுப்பு வந்தது, மறைக்கவில்லை. ஒருவன்கூட அந்த ஆணி இருந்த அறையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கிருஷாந்த் எதிர்ப்பக்கமாக ஓடி வந்தார். மெசின் அவருடைய பொறுப்பு. துவாயை முகத்தில் அழுத்திக்கொண்டு உள்ளே போனார். வால்வு கை எட்டும் தூரத்தில் இருந்தது. அவருடைய கை தானாக அதற்குப் போனது. அப்போதுதான் யன்னலில் என்னைக் கண்டார்.

கையை எடுத்துவிட்டார், ஐயா. எடுத்துவிட்டு ஆணிக்குப் போனார்.

அந்த நேரம் எனக்கு வந்த சந்தோசத்தை நான் ஒளிக்க மாட்டேன். உம்மா இருந்திருந்தால் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன். பாருங்க உம்மா, மனுசன் நிற்கிறான், மனுசன் தேடுகிறான். கடைசிப் பக்கங்களை அவர் சரியாகத் திறந்தார். முகத்தைத் தாளோடு ஒட்டிக்கொண்டு பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. யன்னல் பக்கம் திரும்பி இருமி இருமிக் கேட்டார்.

“அக்கா, எழுத்துத் தெரியுதில்லை. எந்தப் பக்கம்?”

எனக்குத் தெரியும். அந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தையும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பூட்டுங்கள் என்று ஒரு சொல் சொன்னாலும் போதும். ஆனால் நான் வாயால் சொல்லிவிட்டால் பிறகு சுட்டி எதற்கு? அவ்வளவு தூரம் வந்துவிட்டு, கடைசி அடியில் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

“பாருங்க, கிருஷாந்த். ‘க’ வரிசையில இருக்கு” என்றேன்.

அவர் மறுபடியும் புத்தகத்தைப் பார்த்தார். நல்ல மனிதர், சொன்னதைக் கேட்பவர். முதலில் முழங்கால் மடிந்தது. கொஞ்சம் பொறுத்து றுவைஸ்தான் நனைத்த சாரத்தை முகத்தில் சுற்றிக்கொண்டு திரும்பி ஓடி வந்து, ஒன்றையும் பார்க்காமல் கை வைத்து வால்வைப் பூட்டினான். கிருஷாந்தை அவன்தான் இழுத்து வெளியே கொண்டுவந்தான். புத்தகத்தை நான் போய் எடுத்தேன். விரிந்திருந்தது சரியான பக்கம். அவருடைய விரல் பட்ட ஈரம் அந்தத் தாளில் இருந்தது. அவர் கண்டுபிடித்துவிட்டார், ஐயா. அதைத் தயவுசெய்து உங்கள் அறிக்கையில் சேருங்கள்.

எழுத்து சின்னதாகப் போய்விட்டது, அதுதான் குறை. கண் எரிகிறவனுக்கு அந்த அளவு போதாது. அடுத்த பதிப்பில் பெரிதாக்க வேண்டும்.

என்னை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. வால்வு தேய்ந்து விட்டது என்றார்கள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஒரு நாள் கிருஷாந்தின் மனைவி சிவாஜினி அலுவலகத்துக்கு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றா. அழவில்லை.

“கண்ணைக் கட்டி விட்டாலும் அந்த வால்வு அவருக்குத் தெரியும் அக்கா. என்னட்டச் சொல்லுவார். பிறகு ஏன் அவர் பூட்டயில்லை?”

உம்மாவின் கேள்வியை இன்னொரு வாயிலிருந்து கேட்டேன். அவவுக்கு நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். அவ அதில் இருக்காமல் போய்விட்டா.

ஆனால் நான் உங்களிடம் வந்தது அதற்காக அல்ல. போன கிழமை கம்பனியின் விசாரணை முடிவு வந்தது. மெசின் பார்த்தவர் உடனே செயற்படாமல் நின்று வாசித்ததே மரணத்துக்குக் காரணம் என்று எழுதியிருக்கிறார்கள். மெசின் அறையில் இனிப் புத்தகம் தொங்கக்கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். அருளம்பலம் ஐயா தன் கையாலேயே அந்த ஆணியைப் பிடுங்கினார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. குற்றம் சுட்டியில் இல்லை. வால்வைத் திறந்தது நான். யன்னலில் நின்றது நான். தெரிந்துகொண்டே சொல்லாமல் விட்டது நான். கிருஷாந்தைக் கொன்றது நான். அதை எழுதிக் கையொப்பம் போட்டுத் தருகிறேன். எனக்கு என்ன தண்டனை என்றாலும் தாருங்கள். சுட்டியை மட்டும் எடுக்க வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.

ஹஸ்மி என்ன பேசினான் என்று பிறகு எழுதுவதாகச் சொன்னேன். அவன் அழைத்தபோது நான் குசினியில் அடுப்படியில் நின்றேன். மூச்சு வாங்கிக்கொண்டு, ராத்தா, மணம் வருகுது, எல்லாரும் ஓடுறாங்க, நானும் ஓடவா என்று கேட்டான். அவனுக்குப் பக்கத்தில் இருந்த புத்தகம் நான் செய்த புத்தகம். அதில் எல்லாம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நில்லு, நீயும் புத்தகத்தை எடு, நானும் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். சரி ராத்தா என்றான். நான் அலுமாரியைத் திறந்து என் பிரதியை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அவன் அங்கே இருமிக்கொண்டு நின்றான். கிடைச்சதா ராத்தா என்று கேட்டான். பொறு என்றேன். மறுபடியும் கேட்டான். மறுபடியும் பொறு என்றேன். பிறகு அவன் கேட்கவில்லை. அப்போதும் நான் புரட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தப் புத்தகத்துக்கு மட்டும் ஒரு சுட்டி இருந்திருந்தால், உடனே ஓடச் சொல்லி எழுதியிருந்த பக்கத்தை நான் அவனுக்கு எடுத்து வாசித்திருப்பேன்.